கமோடோர் 64 கேமுக்கு கிளாசிக்கல் மியூசிக்: எந்த பீஸ் எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது

வாசகர் கேட்டிருக்கறது இதுதான்: "கமோடோர் 64-ல ஓடற மாதிரி ஒரு சின்ன பிளாட்ஃபார்ம் கேம் எழுதிட்டு இருக்கேன். அந்தக்கால கேம்ல வர்ற மாதிரி பீத்தோவன், பாக் எல்லாம் போடணும்னு ஆசை. நெட்ல கிடைச்ச ஒரு ஆர்கெஸ்ட்ரா மிடி ஃபைல (எந்த நோட்டு எப்ப வரணும்னு எழுதி வெச்ச ஃபைல்) மூணு சேனலுக்கு மாத்திப் பாத்தேன், ஒரே இரைச்சல், காது குடுத்து கேக்க முடியல. எந்த பீஸ் எடுத்தா நல்லா வரும், காப்பிரைட் பிரச்சினை ஏதாவது வருமா?"

கமோடோர் 64-ல சத்தம் போடற சிட் சிப்பை சந்தேகப்படாதீங்க, நீங்க எடுத்த பீஸ்தான் அந்த சிப்புக்கு ஒத்து வரல. அறுபது பேர் சேந்து வாசிக்கறதுக்குன்னு எழுதின ஒண்ண மூணு குரலுக்குள்ள அடைக்கணும்னா எதை வெச்சுக்கறது எதை விடறதுன்னு ஒருத்தர் உக்காந்து கேட்டு முடிவு பண்ணணும், கன்வெர்ட்டர் அதை செய்யாது, அது பாட்டுக்கு மேல இருக்கற மூணு நோட்ட எடுத்துட்டு பாஸ்ஸ விட்டுடும், அடுத்த மெஷர்ல வேற மூணு எடுக்கும், அதான் உங்களுக்கு இரைச்சலா கேக்குது. அதனால மிடிய தூக்கிப் போட்டுட்டு முதல்ல இருந்து ஆரம்பிங்க, நேரம் இதுலதான் மிச்சமாகும்.

அந்தக்கால ஆளுங்க எப்படி தேர்ந்தெடுத்தாங்கன்னு பாத்தா வழி தெரியும். 1983-ல வந்த மேனிக் மைனர், மேத்யூ ஸ்மித் எழுதினது, 48கே ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டர்ல. அந்த மெஷின்ல சவுண்ட் சிப்பே கிடையாது, ஒரு பீப்பர் மட்டும்தான், அதுவும் ஒரே ஒரு பிட், ஆன் இல்ல ஆஃப், அதை மாத்தி மாத்தி அடிக்கறதும் ப்ராசஸரோட வேலை. அதுலதான் டைட்டில் ஸ்க்ரீன்ல யோஹான் ஸ்ட்ராஸோட ப்ளூ டான்யூப் வாசிக்கும், கீழ வரைஞ்சிருக்கற பியானோ கட்டைகள் கூடவே மின்னும். மொத்த மெட்டும் 95 தொகுப்பு, தொகுப்புக்கு மூணு பைட்: ஒண்ணு நீளம், மத்த ரெண்டு சுருதி. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், மெட்டோட நிறைய நோட்டுக்கு அந்த ரெண்டு எண்ணும் ஒண்ணே ஒண்ணு தள்ளி இருக்கும், 128-ம் 129-ம் மாதிரி, அந்த சின்ன வித்தியாசத்தால ஒத்த பீப்பர் கனமா கேக்கும். வால்ட்ஸ்ல மெட்டு நிக்கற இடத்துல "பம் பம்"னு ஒரு பதில் வருமே, அங்க அந்த ரெண்டு எண்ணும் நல்லா தள்ளி, ரெண்டு வேற வேற சுருதி. அதாவது மெட்டும் பக்கவாத்தியமும் ஒரே நேரத்துல வரவே இல்ல, மாறி மாறி வருது, நம்ம காது அதை சேத்துக்குது. ப்ளூ டான்யூப் மெட்டுக்குள்ளயே அந்த இடைவெளி இருக்கறதாலதான் இது நடக்குது, வேற வால்ட்ஸ் எடுத்திருந்தா இவ்வளவு சுளுவா வந்திருக்காது.

கேம் ஆடும்போது வர்றது கிரீக்கோட இன் த ஹால் ஆஃப் த மவுண்டன் கிங். அதுக்கு மொத்தமே 64 பைட். குட்டி மெட்டு, திரும்பத் திரும்ப வரும், ஒரு நோட்டுக்கு மேல எப்பவும் வேண்டியதில்ல.

அடுத்த வருஷம் வந்த ஜெட் செட் வில்லியோட டைட்டில்ல பீத்தோவனோட மூன்லைட் சொனாட்டா முதல் பகுதி. இதை நல்லா கவனிங்க. அந்த பீஸ்ல வலது கை வாசிக்கறது கார்ட்தான் (சேந்து ஒலிக்கற நோட்டுங்க), ஆனா சேத்து அழுத்தாம மூணு மூணா உடைச்சு ஒண்ணொண்ணா வாசிக்கறது. பின்னாடி சிட் சிப்புல எல்லாரும் கார்டுக்கு பண்ணின ஆர்பெஜியோ தந்திரம் இருக்கே, ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒரு நோட்டா சுத்தி சுத்தி வாசிக்கறது, அதையே நிதானமா பண்ணினா என்னவோ அதான் இது. ஒத்த குரல்ல வாசிச்சாலும் முழு ஹார்மனியும் காதுல விழும்.

சரி, சிட் சிப்புக்கு வருவோம். பாப் யானஸ் வடிவமைச்சது, மூணு குரல், நாலு வகை அலை, ஒவ்வொரு குரலுக்கும் தனி என்வலப் (நோட்டோட சத்தம் எப்படி எழுந்து எப்படி தேயணும்ங்கற அமைப்பு), ஒரு ஃபில்டர். 1982-க்கு இது பெரிய விஷயம். ஆனா ஒண்ணு இல்ல: ஒவ்வொரு நோட்டையும் மெதுவா, அழுத்தமான்னு குரல்வாரியா சொல்ல நேரான வழி கிடையாது. மாஸ்டர் வால்யூம் 16 படி, அது மூணு குரலுக்கும் பொது. சஸ்டெய்ன் (நோட்டு தேஞ்சு நிக்கற சத்த அளவு) வெச்சு கொஞ்சம் சமாளிக்கலாம், அவ்வளவுதான். அதனால மெல்ல ஆரம்பிச்சு சத்தம் ஏறி ஏறி உச்சத்துக்குப் போறதையே நம்பி எழுதின பீஸ் எதுவும் இங்க எடுபடாது, ராவெலோட பொலேரோவ போட்டுப் பாத்தா முதல் நிமிஷத்துலயே அலுத்துடும்.

இங்கதான் பாக். அவர் காலத்து ஹார்ப்சிகார்ட்ல விரல எவ்வளவு அழுத்தினாலும் சத்தம் கூடாது குறையாது, ஆர்கன்லயும் அப்படித்தான். அதனால அந்த இசை சத்தத்த நம்பாம நோட்டோட நெருக்கத்துலயும், குரல் ஒண்ணு பின்னாடி ஒண்ணு துரத்தறதுலயும்தான் வேகம் எடுக்கும். நம்ம சிப்புக்கும் அதே குறை, அதே பலம். 1983-ல கொனாமியோட கைரஸ் கேம் பாக் பேர்ல இருக்கற டொக்காட்டா அண்ட் ஃபியூக் இன் டி மைனர எடுத்துக்கிட்டது, கேம்பாய் டெட்ரிஸ்ல மூணாவது மெட்டா அவரோட ஃப்ரெஞ்ச் சூட் 3-ல இருக்கற மினுவே வந்தது, இதெல்லாம் இந்தப் பொருத்தத்தோட சேந்ததுன்னுதான் நான் நம்பறேன், இலவசம்ங்கறது மட்டும் காரணம் இல்ல.

உங்க கேமுக்கு நான் சொல்றது பாக்கோட டூ-பார்ட் இன்வென்ஷன்ஸ். மொத்தம் 15, எல்லாமே ரெண்டே குரல். சின்ஃபோனியாஸ்னு இன்னொரு 15 இருக்கு, அது மூணு குரல், சிட்டுக்குன்னே எழுதின மாதிரி இருக்கும், ஆனா ஆசைப்பட்டு அத எடுத்தீங்கன்னா குதிக்கற சத்தம், காசு எடுக்கற சத்தம் போட இடமே இருக்காது, ஒவ்வொரு தடவை குதிக்கும்போதும் ஒரு குரல் காணாமப் போகும், ஃபியூக் மாதிரி பீஸ்ல அது பல்லு விழுந்த மாதிரி தெரியும். சின்ஃபோனியாவ டைட்டில் ஸ்க்ரீனுக்கு வெச்சுக்கங்க. ஆட்டத்துக்குள்ள இன்வென்ஷன், ரெண்டு குரல் இசை, மூணாவது எஃபெக்ட்.

அதுலயும் முதல்ல ஏ மைனர்ல இருக்கற 13-வது இன்வென்ஷன எடுங்க. 25 மெஷர்தான், கிட்டத்தட்ட எல்லாமே பதினாறாம் நோட்டு, கார்ட உடைச்சு உடைச்சு ஓடும், ஆரம்பிச்ச ஏ மைனர்லயே வந்து முடியறதால லூப் பண்ணும்போது ஒட்டு தெரியாது. கணக்கு இப்படி: பால் (PAL, ஐரோப்பா, இந்தியா டிவி முறை) மெஷின்ல செகண்டுக்கு 50 ஃப்ரேம், பதினாறாம் நோட்டுக்கு 6 ஃப்ரேம் குடுத்தா நிமிஷத்துக்கு 125 பீட், 7 குடுத்தா சுமார் 107, நடுவுல எதுவும் சுலபமா கிடைக்காது. 7-ல வெச்சா ஒரு சுத்து 56 செகண்ட், ஒரு லெவலுக்கு சரியா இருக்கும். கோட்ட்ராக்கர், சிட்-விசார்ட் மாதிரி ஒரு ட்ராக்கர்ல (சிட்டுக்கு இசை எழுதற ப்ரோக்ராம்) நோட்ட நீங்களே கையால டைப் பண்ணுங்க, ஒரு ராத்திரி வேலை, ஆனா அதுக்கப்பறம் அந்த பீஸ் உங்களுக்கு உள்ளங்கை மாதிரி தெரியும்.

சத்தத்துக்கு: ரெண்டு குரலுக்கும் பல்ஸ் அலை, அட்டாக் (சத்தம் எழற நேரம்) 0, டிகே (தேயற நேரம்) 9, சஸ்டெய்ன் 0. டிகே 9-ன்னா முக்கால் செகண்ட், கம்பிய மீட்டி விட்ட மாதிரி தேயும். ரெண்டுக்கும் ஒரே பல்ஸ் அகலம் வெக்காதீங்க, இடது கைக்கு 2048, வலது கைக்கு 1024 மாதிரி வெச்சா குரல் ரெண்டும் தனித்தனியா காதுல நிக்கும். நிறைய பேர் இதத்தான் விட்டுட்டு அப்பறம் குழப்பமா இருக்குங்கறாங்க. ஃபில்டர ரொம்ப நம்பாதீங்க, சிட்டோட பழைய வகையான 6581 சிப்புல ஒவ்வொரு சிப்புக்கும் ஃபில்டர் வேற வேற மாதிரி கேக்கும், பின்னாடி வந்த 8580-ல இன்னும் வேற.

இன்னொண்ணு, இது நிறைய பேர் கடைசி நாள்ல கண்டுபிடிச்சு தவிக்கற விஷயம். பால் மெஷினோட கடிகாரம் 985248 ஹெர்ட்ஸ், என்டிஎஸ்சி (அமெரிக்க டிவி முறை) 1022727. 440 ஹெர்ட்ஸ் வேணும்னா பால்ல சிட்டோட சுருதி ரெஜிஸ்டர்ல சுமார் 7492 போடணும், என்டிஎஸ்சில 7218. பால் எண்களோட ஒரே சுருதி டேபிள வெச்சு அமெரிக்க மெஷின்ல ஓட்டினா சுருதி அரை ஸ்வரத்துல பாதிக்கு மேலயே ஏறிடும், ஃப்ரேம் 60 ஆகறதால வேகமும் அஞ்சுல ஒரு பங்கு கூடிடும், பாக் மூச்சு வாங்க ஓடுவார். ரெண்டு டேபிள் வெச்சு, எந்த மெஷின்னு பாத்து எடுத்துக்கங்க. வைஸ் எமுலேட்டர்ல ரெண்டையும் மாத்தி கேட்டுடலாம்.

இப்ப காப்பிரைட். இந்தியாவுல இசையமைப்பாளர் இறந்த வருஷம் முடிஞ்சு 60 வருஷம், பிரிட்டன், ஐரோப்பாவுல 70, அமெரிக்காவுல பழைய படைப்புக்கு பிரசுரமானதுல இருந்து 95. பாக் இறந்தது 1750, பீத்தோவன் 1827, ஸ்ட்ராஸ் 1899, கிரீக் 1907, இவங்க மெட்டு எல்லாம் எங்கயும் சுதந்திரம். ஆனா கிளாசிக்கல் மாதிரி கேக்கறதெல்லாம் பழசுன்னு நினைச்சுடாதீங்க. ஓ ஃபார்ச்சூனா இருக்கே, பழங்கால சர்ச் பாட்டு மாதிரி கேக்கும், அதை எழுதின கார்ல் ஓர்ஃப் இறந்தது 1982-ல, இந்தியாவுலயே 2042 முடியறவரைக்கும் தொடக்கூடாது. சேபர் டான்ஸும் அப்படித்தான், கச்சதூரியன் இறந்தது 1978. பழைய கேம்ல இருந்ததுங்கறதும் சாட்சி ஆகாது: மேல சொன்ன அதே ஜெட் செட் வில்லியில ஆடும்போது வர்ற மெட்டு 1964-ல வந்த ஒரு பிராட்வே நாடகப் பாட்டு, அதுக்கு இன்னும் உரிமையாளர் இருக்காங்க.

மெட்டு சுதந்திரமா இருந்தாலும் அடுத்தவங்க உழைப்பு சுதந்திரம் இல்ல. பழைய கேம்ல இருந்து சிட் ஃபைல உருவி எடுக்காதீங்க, அந்த அரேஞ்ச்மென்ட் ஒருத்தரோட படைப்பு. நெட்ல கிடைக்கற மிடியும் யாரோ உக்காந்து பண்ணினது, அனுமதி எழுதியிருந்தா மட்டும் எடுங்க. ஸ்கோர்லயும், போன வருஷம் ஒரு பதிப்பகம் எடிட் பண்ணி அச்சடிச்சதுக்கு தனி உரிமை இருக்கலாம், 19-ம் நூற்றாண்டு பாக் கெசெல்ஷாஃப்ட் பதிப்பு ஐஎம்எஸ்எல்பிங்கற (IMSLP) ஸ்கோர் தளத்துல ஸ்கேனா கிடைக்குது, அதைப் பாத்து டைப் பண்ணினா யாரும் கேள்வி கேக்க முடியாது.

கேம் வீடியோவ யூட்யூப்ல போட்டா, நீங்களே சிட்ல வாசிச்சதுக்கும் சில சமயம் தானியங்கியா க்ளெய்ம் வரும், வேற யாரோட ரெக்கார்டிங்கோடயோ மெட்டு ஒத்துப் போறதால. பயந்து வீடியோவ எடுத்துடாதீங்க. பீஸோட பேர், இசையமைப்பாளர் இறந்த வருஷம், எந்தப் பதிப்பப் பாத்து டைப் பண்ணீங்க, எந்த ட்ராக்கர்ல பண்ணீங்கன்னு நாலு வரி கேமோட ரீட்மீ ஃபைல்ல இப்பவே எழுதி வெச்சுடுங்க, ட்ராக்கர் ஃபைலையும் அழிக்காதீங்க, க்ளெய்ம் வந்தா அந்த நாலு வரிய அப்படியே டிஸ்ப்யூட்ல ஒட்டிடலாம்.