தீக்காயக்காரருக்கு ட்ரிப்ஸ் ஏறும்போது மூக்கில் குழாய் எதற்கு?

ட்ரிப்ஸ்தான் ஏறுகிறதே, மயக்கத்தில் கிடப்பவருக்கு மூக்கில் குழாய் விட்டு உணவு எதற்கு என்று கேட்கிறீர்கள். சரி, கணக்கைப் பாருங்கள்: 500 மில்லி 5% டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, சுமார் 100 கலோரி, அவ்வளவுதான். உடம்பில் பாதி வெந்தவருக்கோ, சும்மா படுத்திருந்தாலே சக்திச் செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். அது கிடைக்காவிட்டால் உடம்பு தன் தசையையே கரைத்துக்கொள்ளும்.

இன்னொரு காரணம் குடல். அதிர்ச்சி நிலையில் (ஷாக், அதாவது உடம்பில் ரத்த ஓட்டம் சரிந்துபோகும் நிலை) ரத்தம் இதயம், மூளைப் பக்கம் திருப்பிவிடப்படுவதால் குடலுக்கு வரத்து குறைகிறது, உள்தோல் மெலிகிறது, அப்புறம் அங்கிருக்கும் கிருமிகள் ரத்தத்துக்குள் கசியலாம். உணவு உள்ளே போனால் குடலுக்கு ரத்தம் கூடும், உள்தோலும் பிழைக்கும். அதனால்தான் முதல் 12 மணி நேரத்துக்குள், கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்குகிறார்கள். தீக்காயத்தால் சிறுகுடல் முனையில் வரும் புண்ணை ஆங்கிலேய அறுவை மருத்துவர் கர்லிங் 1842-லேயே எழுதிவைத்தார். இன்று அது அரிதானதற்கு அமிலம் குறைக்கும் மருந்தோடு இந்த உணவும் காரணம்.

குளுட்டமின் (புரதத்தில் இருக்கும் ஓர் அமினோ அமிலம்) பவுடர் வாங்கலாமா என்றால், என் கருத்து வேண்டாம். 2022-ல் வந்த 1,200 பேர் கொண்ட பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை.

வாயால் சாப்பிடத் தொடங்கியதும் வெறும் கஞ்சியோடு நிறுத்திவிடாதீர்கள். 60 கிலோ ஆளுக்கு நாளைக்கு 90 முதல் 120 கிராம் புரதம் வேண்டும், ஒரு முட்டையில் 6 கிராம்தான். முட்டை, மீன் கொடுத்தால் சீழ் பிடிக்கும் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள், காதில் வாங்காதீர்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை மருத்துவரிடம் கேளுங்கள்.