பாயிண்ட்டில் குடும்பத்தோடு பயணம்: கார்டு கேள்விகளும் பதில்களும்

கிரெடிட் கார்டில் சேர்ந்த ரிவார்டு பாயிண்ட்டை வைத்து ரயில், விமான டிக்கெட் எடுப்பது பற்றி தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். கணக்குகளில் வரும் டிக்கெட் விலையும் பைசா மதிப்பும் விளங்குவதற்காகப் போட்டவை. உங்கள் கார்டின் எண்களை அந்த இடத்தில் வைத்துக் கணக்குப் போடுங்கள்.

காரிமங்கலம்: அண்ணா, கார்டுல 24,000 பாயிண்ட் இருக்கு. அப்பா, அம்மா, நாங்க ரெண்டு பேர். பெங்களூர்ல இருந்து காசிக்குப் போற ஃப்ளைட் டிக்கெட்டாவது இதுல தேறுமா?

24,000 என்ற எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாதுங்க. ஒரு பாயிண்ட் எத்தனை பைசா என்பதுதான் கேள்வி. அதுவும் ஒரே கார்டில், எந்த வழியில் செலவழிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறும். பில்லில் கழித்துக்கொண்டால் 20 பைசா என்றால் உங்களிடம் இருப்பது 4,800 ரூபாய். அதே வங்கியின் பயணப் போர்ட்டலில், அதாவது டிக்கெட் எடுக்க வங்கி வைத்திருக்கும் தளத்தில், 50 பைசா என்றால் 12,000 ரூபாய். பாயிண்ட்டுக்கு மிக்சி, குக்கர் தரும் கேட்லாக் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும். அந்தப் பொருளின் கடை விலையையும் பார்த்தால் இன்னும் கீழே இறங்கும்.

இதோடு கணக்கை நிறுத்தாதீர்கள். அதே விமானம், அதே நாள், கடைசியாகப் பணம் கட்டச் சொல்லும் பக்கம் வரை இரண்டு இடத்திலும் போய்ப் பாருங்கள். விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் தலைக்கு 6,700, போர்ட்டலில் கன்வீனியன்ஸ் கட்டணத்தோடு 7,050 என்று வைத்துக்கொள்வோம். நாலு பேருக்கு 26,800, அங்கே 28,200. வித்தியாசம் 1,400. 12,000-இல் அதைக் கழித்தால் உண்மையில் கிடைத்தது 10,600, அதாவது பாயிண்ட்டுக்கு 44 பைசா. பல வங்கிகள் ரிடீம் செய்ய, அதாவது பாயிண்ட்டைச் செலவழிக்க, 99 ரூபாயும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் வாங்குகின்றன. அது ஒரு தடவைக்கு ஒன்று என்பதால் நாலு பேருக்கும் ஒரே புக்கிங்காகப் போடுங்கள்.

இன்னொன்று: முழு டிக்கெட்டையும் பாயிண்ட்டில் எடுக்கச் சில கார்டுகள் விடாது. 70 சதவீதம் வரைதான், மீதி கார்டில் தேய்க்க வேண்டும் என்பது போன்ற உச்சவரம்பு இருக்கும். உங்கள் விஷயத்தில் 28,200-க்கு 70 சதவீதம் 19,740. உங்கள் 12,000 அதற்குள்தான், தடை வராது. ஆக, போகிற டிக்கெட்டில் பாதிக்குச் சற்றுக் குறைவாகப் பாயிண்ட் தாங்கும்.

தர்மபுரி: நாங்க ஃப்ளைட் ஏறுறவங்க இல்ல சார். கோயம்புத்தூருக்கு மகள் வீட்டுக்கு வந்தே பாரத், இல்லன்னா ஸ்லீப்பர். ரயிலுக்குன்னு தனிக் கார்டு வாங்கலாமா?

ஐஆர்சிடிசியும் எஸ்பிஐ கார்டும் சேர்ந்து தரும் பிளாட்டினம் கார்டைத்தான் கேட்கிறீர்கள். அதில் ஒரு பாயிண்ட் ஒரு ரூபாய், ரயில் டிக்கெட்டுக்கு. ஏசி வகுப்புகளிலும் சேர் காரிலும் ஐஆர்சிடிசி தளத்தில் எடுத்தால் 10 சதவீதம் வரை பாயிண்ட்டாகத் திரும்பும். ஸ்லீப்பருக்கு அந்த 10 சதவீதம் கிடையாது. தர்மபுரியில் நிற்கும் கோவை-பெங்களூரு வந்தே பாரத்தில் இருப்பது சேர் காரும் எக்ஸிகியூட்டிவ் சேர் காரும்தான், ஆகவே அது கணக்கில் வரும்.

முதல் வருடக் கட்டணம் 500, ஜிஎஸ்டியோடு 590. அடுத்த வருடத்திலிருந்து 300, ஜிஎஸ்டியோடு 354. அந்த 590-ஐ எடுக்கவே முதல் வருடத்தில் 5,900 ரூபாய்க்கு ஏசி அல்லது சேர் கார் டிக்கெட் எடுத்தாக வேண்டும். இரண்டு பேர் வருடத்தில் மூன்று நாலு தடவை போய்வந்தால் தாண்டிவிடும். பாதிக்குமேல் ஸ்லீப்பர்தான் என்றால் இந்தக் கார்டு வேண்டாம்.

வாங்கினால் கார்டோடு வரும் லாயல்டி எண்ணை ஐஆர்சிடிசி கணக்கில் முதலிலேயே இணைத்துவிடுங்கள். கார்டு ஒருவர் பெயரிலும் ஐஆர்சிடிசி ஐடி இன்னொருவர் பெயரிலும் இருக்கும் வீடுகளில் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். யார் கார்டோ அவர் ஐடியில் இணையுங்கள்.

பென்னாகரம்: பொங்கலுக்கு டிக்கெட் எடுக்க எப்போ பாயிண்ட் கையில இருக்கணும்?

1-11-2024 முதல் முன்பதிவு 60 நாள்தான், முன்பு 120. இன்று வாங்கிய பொருளுக்கான பாயிண்ட் பெரும்பாலும் அந்த மாத ஸ்டேட்மென்ட் வந்த பிறகுதான் ஏறும். ஆகவே முன்பதிவு திறக்கும் நாளுக்கு ஒன்றரை மாதம் முன்பே பெரிய செலவை முடித்திருக்க வேண்டும். ஸ்லீப்பரிலும் ஏசி பெர்த்திலும் 5 முதல் 12 வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குத் தனி பெர்த் கேட்டால் முழுக் கட்டணம், வேண்டாம் என்றால் பாதி. இதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஓசூர்: வீட்டு வாடகை, பெட்ரோல், கரண்ட் பில், ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் கார்டுலதான் கட்டுறேன். மாசம் 45,000 போகுது, பாயிண்ட் மட்டும் ஏறவே மாட்டேங்குது.

நீங்கள் சொன்ன நாலுமே வங்கிகள் விலக்கி வைக்கும் பட்டியலில் அடிக்கடி இருப்பவை. வாலட்டில் பணம் ஏற்றுவது, இஎம்ஐ-யாக மாற்றிய செலவு, சில கார்டுகளில் இன்சூரன்ஸ், அரசுக்குக் கட்டும் தொகை, இவையும் அப்படியே.

காரணம், வங்கி பார்ப்பது பொருளை அல்ல, கடைக்காரர் மெஷினில் பதிவான வணிக வகை எண்ணை. ஒரே கடையில் மளிகையும் ரீசார்ஜும் இருந்து, மெஷின் ரீசார்ஜ் வகையில் பதிவாகியிருந்தால் அரிசி மூட்டைக்கும் பாயிண்ட் வராது. ஆப் வழியாகப் பள்ளிக் கட்டணம் கட்டினால் அந்த ஆப் எந்த வகையில் பதிவாகியிருக்கிறதோ அதுதான். பள்ளியின் சொந்த மெஷினில் தேய்த்தால் சில கார்டுகளில் ஏறும். வாடகைக்குப் பல வங்கிகள் 1 சதவீதக் கட்டணம் வேறு எடுக்கின்றன. பாயிண்ட் இல்லாமல் கட்டணம் மட்டும் கட்டுவதில் என்ன இருக்கிறது? அதை யுபிஐ-யில் வங்கிக் கணக்கிலிருந்தே அனுப்பிவிடுங்கள்.

பெட்ரோலில் 1 சதவீத சர்சார்ஜ் தள்ளுபடி என்று வருவது பாயிண்ட் அல்ல. பங்க்கில் கூடுதலாக எடுத்ததைத் திருப்பித் தருவது. அதன்மேல் போட்ட ஜிஎஸ்டி திரும்பாது.

கிருஷ்ணகிரி: மாங்கூழ் வியாபாரம். டின், லாரி வாடகைன்னு சீசன்ல மாசம் 3 லட்சம் வரை ஓடும். அதை என் சொந்தக் கார்டுல ஓட்டினா குடும்பமே சிங்கப்பூர் போயிடலாம்னு கூட்டாளி சொல்றார்.

கூட்டாளி ஒரு பக்கத்தை மட்டும் சொல்லியிருக்கிறார். தனிநபர் கார்டில் வியாபாரச் செலவை ஓட்டக்கூடாது என்று விதியிலேயே இருக்கும். கண்டால் பாயிண்ட்டை முடக்குவார்கள், சில சமயம் கார்டையே. ஒரு நிதியாண்டில் கார்டு பில்லுக்குக் கட்டிய தொகை 10 லட்சம் அல்லது அதற்குமேல் போனால், ரொக்கமாகக் கட்டியது 1 லட்சத்தைத் தொட்டாலும், வங்கி வருமான வரித்துறைக்குத் தெரிவிக்கும். கணக்கில் காட்டிய வருமானத்தோடு அது பொருந்த வேண்டும். தொழில் பெயரிலேயே பிசினஸ் கார்டு வாங்குங்கள்.

தெரிந்த கடையில் தேய்த்துவிட்டு ரொக்கம் வாங்கும் வேலையும் நம் பக்கம் நடக்கிறது. ஒரு லட்சம் தேய்த்தால் கடைக்காரர் 2 சதவீதம் பிடிப்பார், 2,000 போச்சு. பாயிண்ட்டின் மதிப்பு 1 சதவீதம் என்றால் வந்தது 1,000. நஷ்டத்தை உழைத்துச் சம்பாதிக்கிற வேலை அது.

ஊத்தங்கரை: கல்யாணத்துக்கு 4 லட்சத்துக்கு நகை. கார்டுல எடுக்கலாமா?

கடைக்காரர் கார்டுக்கு 2 சதவீதம் கூடுதல் கேட்டால் வேண்டாம், 8,000 ரூபாய் போகும். கேட்காவிட்டால், உங்கள் கார்டில் தங்கத்துக்குப் பாயிண்ட் உண்டா, மாத உச்சவரம்பு எவ்வளவு என்று பார்த்துவிட்டுத் தேயுங்கள்.

பாலக்கோடு: அக்கா ஒருத்தங்க மினிமம் டியூ மட்டும் கட்டினா போதும், பாயிண்ட் சேரும்னாங்க. சரிதானா சார்?

பாயிண்ட் சேரும், அதைவிடப் பல மடங்கு வட்டியும் சேரும். 40,000 பில்லுக்கு மினிமம் டியூ, அதாவது அந்த மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை, 5 சதவீதம் என்று 2,000 மட்டும் கட்டினீர்கள் என்று வைப்போம். மீதி 38,000-க்கு மாதம் 3.75 சதவீதம் என்றால் 1,425. அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 256.50. ஒரு மாதத்துக்கு 1,681.50. அந்த 40,000-க்குக் கிடைத்த பாயிண்ட், ஒரு சதவீத மதிப்பில், 400 ரூபாய். போதாததற்கு, பாக்கி நிற்கும் வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது. இன்று வாங்கிய பாலாடைக்கும் இன்றிலிருந்தே வட்டி. முழு பில்லைக் கட்ட முடியாத மாதத்தில் கார்டை அலமாரியில் வைத்துவிடுங்கள்.

அரூர்: அம்மாவுக்கு ஆதார்ல "செல்வி கோ" ன்னு இனிஷியல் பின்னாடி. போர்ட்டல்ல கடைசிப் பெயர் கட்டாயம்ங்குது, ஒரு எழுத்து போட்டா எடுக்கல. என்ன பண்றது?

தமிழ்நாட்டுக்காரர்கள் எல்லாருக்கும் வரும் தொல்லை. பாயிண்ட் டிக்கெட்டில் இது பெரிய தொல்லை, ஏனென்றால் தப்பினால் திருத்துவது கடினம்.

முதல் பெயரில் செல்வி. கடைசிப் பெயரில் "கோ" என்பதன் விரிவு, அதாவது அவர் அப்பா பெயரோ கணவர் பெயரோ, எது அடையாள அட்டையின் இனிஷியலோ அது. ஆதாரில் அப்பாவின் இனிஷியல் இருக்கும்போது அங்கே கணவர் பெயரைப் போட வேண்டாம். விரிவு எந்த அட்டையிலும் இல்லை என்றால் இரண்டு கட்டத்திலும் "செல்வி" என்றே போடுவதுதான் நடைமுறை. போர்டிங் பாஸில் "செல்வி செல்வி" என்று வரும், பயப்பட வேண்டாம். வாசலில் பார்ப்பது ஆள் அவர்தானா என்பதை. இனிஷியல் முன்னா பின்னா என்பதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. விமான நிலையத்தில் முகத்தைக் காட்டி உள்ளே போக உதவும் டிஜியாத்ரா ஆப் மட்டும் பெயர் ஒத்துப்போகவில்லை என்று போர்டிங் பாஸை ஏற்காமல் விடலாம். அப்போது சாதாரண வரிசையில் போங்கள்.

உண்மையில் தப்பு நடக்கும் இடம் வேறு. போர்ட்டலில் முதல் பயணியின் கட்டத்தில் கார்டுக்காரர் பெயர் தானாக வந்து உட்கார்ந்துவிடும். அதைக் கவனிக்காமல் பணம் கட்டினால், அம்மா டிக்கெட் உங்கள் பெயரில். எழுத்துப் பிழையைத் திருத்துவார்கள், ஆளையே மாற்ற மாட்டார்கள். கேன்சல் செய்து, பாயிண்ட் திரும்பக் காத்திருந்து, அதற்குள் ஏறிய விலைக்கு மறுபடி எடுக்க வேண்டும்.

துபாய் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட் விசாவில் வர முடியாது என்று 21-11-2022 முதல் ஐக்கிய அரபு அமீரகம் விதி வைத்திருக்கிறது. டிக்கெட்டுக்கு முன் பாஸ்போர்ட்டைப் பாருங்கள்.

பர்கூர்: பாயிண்ட்டை ஏர்லைன் மைலா மாத்தினா ரெண்டு மடங்கு லாபம்னு சொல்றாங்களே?

மைல் என்பது விமான நிறுவனம் தன் லாயல்டி திட்டத்தில், அதாவது வாடிக்கையாளர் சலுகைத் திட்டத்தில், தரும் பாயிண்ட். இரண்டு மடங்கு என்பது சில கார்டுகளில் உண்மை. ஆனால் மாற்றியதைத் திரும்பக் கார்டுக்குக் கொண்டுவர முடியாது. அதனால் வரிசை முக்கியம். முதலில் விமான நிறுவனத்தின் லாயல்டி தளத்தில் உள்ளே போய், உங்கள் தேதியில், நாலு பேருக்கும், மைலில் இருக்கை காட்டுகிறதா என்று பாருங்கள். ஒருவருக்குக் காட்டும், நாலு பேர் என்றால் காணாமல் போகும். இருந்தால் வரியும் கட்டணமும் ரொக்கத்தில் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். சாதாரண டிக்கெட் விலையிலிருந்து அதைக் கழித்து, தேவையான பாயிண்ட்டால் வகுங்கள். போர்ட்டலில் கிடைக்கும் பைசாவைவிட அதிகம் என்றால் மட்டும் மாற்றுங்கள். மாறி ஏறுவதற்குச் சில நாள் ஆகலாம், அதற்குள் இருக்கை போய்விடவும் கூடும். கார்டில் உள்ள பெயரும் லாயல்டி கணக்கில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இனிஷியல் இங்கேயும் விளையாடும்.

விஸ்தாரா 12-11-2024 அன்று ஏர் இந்தியாவோடு இணைந்துவிட்டது. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு கிளப் விஸ்தாராவைத் தேடாதீர்கள், அங்கே இருந்த பாயிண்ட் ஏர் இந்தியாவின் திட்டத்துக்குப் போய்விட்டது.

போச்சம்பள்ளி: மனைவிக்கு ஆட்-ஆன் கார்டு வாங்கினா பாயிண்ட் யாருக்கு?

ஆட்-ஆன் என்பது உங்கள் கணக்கிலேயே குடும்பத்தாருக்குத் தரும் கூடுதல் கார்டு. அதன் பாயிண்ட் முதன்மைக் கார்டுக்காரருக்கு. பில்லும் அவருக்குத்தான். வேறு வேறு வங்கிக் கார்டுகளின் பாயிண்ட்டைச் சேர்க்க முடியாது.

காவேரிப்பட்டணம்: பாயிண்ட்ல எடுத்த டிக்கெட்டைக் கேன்சல் பண்ணா?

எங்கே எடுத்தீர்களோ அங்கேதான் கேன்சல் செய்ய வேண்டும். விமான நிறுவனத்துக்கு போன் போட்டால் போர்ட்டலைக் கேளுங்கள் என்பார்கள். கேன்சல் கட்டணம் போக மீதி, பாயிண்ட்டாகக் கட்டியது பாயிண்ட்டாகவும் ரொக்கம் கார்டுக்கும் திரும்பும். கன்வீனியன்ஸ் கட்டணம் பொதுவாகத் திரும்பாது. அந்த டிக்கெட்டால் கிடைத்த புதுப் பாயிண்ட்டையும் எடுத்துக்கொள்வார்கள். காலாவதி நெருங்கிய பாயிண்ட்டைப் போட்டு, கேன்சல் ஆகக்கூடிய டிக்கெட் எடுப்பது நல்லதல்ல. திரும்பி வரும்போது அதற்கு உயிர் இல்லாமல் போகலாம்.

தேன்கனிக்கோட்டை: வெளிநாட்டுல தேய்ச்சா?

பல கார்டுகளில் 3.5 சதவீத மார்க்கப், அதாவது வெளிநாட்டுப் பணத்துக்கான கூடுதல் கட்டணம், ஜிஎஸ்டியோடு 4.13. ஒரு லட்சத்துக்கு 4,130. மெஷின் "ரூபாயிலா, உள்ளூர்ப் பணத்திலா" என்று கேட்டால் உள்ளூர்ப் பணத்தை, அதாவது அந்த நாட்டுப் பணத்தை, தேர்ந்தெடுங்கள்.

நல்லம்பள்ளி: கார்டை மூடப் போறேன், 6,000 பாயிண்ட் இருக்கு.

முதலில் பாயிண்ட்டைத் தீர்த்துவிடுங்கள், பிறகு பாக்கியைக் கட்டி மூடச் சொல்லுங்கள். பாக்கி இல்லாத கார்டை 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும்.

மொரப்பூர்: "உங்கள் 9,850 பாயிண்ட் இன்று இரவோடு காலாவதி, லிங்க்கைத் தொடவும்"னு மெசேஜ். தொட்டா ஏதோ ஆப் இறங்குது.

திறக்காதீர்கள், இறங்கியிருந்தால் அழித்துவிடுங்கள். அது ஏபிகே, அதாவது போனில் ஆப்பை நேரடியாக நிறுவும் கோப்பு. உள்ளே போனதும் வரும் ஓடிபி மெசேஜ்களைப் படித்து வேறிடத்துக்கு அனுப்பும். வங்கி பாயிண்ட் தர ஓடிபி-யோ சிவிவி-யோ கேட்டு போன் செய்யாது. வங்கித் தளங்கள் இப்போது டாட் பேங்க் டாட் இன் என்று முடியும் முகவரிக்கு மாறியிருக்கின்றன, அதையும் பாருங்கள்.

ஏற்கெனவே நிறுவிவிட்டால் முதலில் மொபைல் டேட்டாவை அணையுங்கள். வேறு போனிலிருந்து வங்கியை அழைத்துக் கார்டை முடக்குங்கள். பிறகு சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குச் சொல்லுங்கள். நீங்களே ஓடிபி கொடுத்திருந்தால், வங்கிக்குச் சொல்லும் நிமிடம் வரை போன பணம் உங்கள் தலையில். சொன்ன பிறகு போனது வங்கியின் பொறுப்பு. அதனால் புகார் எண்ணையும் நேரத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.