எடுக்கவில்லை, சரி. கொடுத்தது யார் பணம்?

அன்புள்ள ஐயா,

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். எல்.ஐ.சி. பணம் தொழிலதிபர் முந்த்ராவின் கம்பெனிகளுக்குப் போன விவகாரத்தில் அன்றைய நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி ஒரு பைசாகூட எடுக்கவில்லை. நிதித்துறைச் செயலாளரின் தவறான முடிவுக்கு அவர் ஏன் பதவி விலக வேண்டும்? சாஸ்திரியைப் போல இப்போது ஒருவராவது உண்டா? நேர்காணலில் கேட்டால் என்ன சொல்வது?

வ., கொருக்குப்பேட்டை

அன்புள்ள தம்பி,

நேர்காணலை அப்புறம் பார்க்கலாம். ‘இப்போது ஒருவராவது உண்டா’ என்ற பெருமூச்சை இந்த வயதில் விடாதீர்கள். அது என்னைப் போன்ற கிழங்கள் டீக்கடையில் விடுவது. அரியலூர் ரயில் விபத்துக்கு 1956-ல் ரயில்வே அமைச்சர் சாஸ்திரி பதவி விலகினார். துணையமைச்சர் அழகேசனைத் தமிழ்நாடு அதோடு விடவில்லை. ‘ஆண்டது போதாதா, மாண்டது போதாதா’ என்று தேர்தலிலும் கேட்டது.

‘எடுக்கவில்லை’ என்கிறீர்களே, அதுதான் எனக்குச் சுருக்கென்றது. காலடிப்பேட்டையில் எங்கள் டிரங்குப் பெட்டியில், அம்மாவின் கூறைப்புடவைக்கு அடியில் அப்பாவின் எல்.ஐ.சி. பத்திரம் இருந்தது. விளக்கை அணையாமல் காக்கும் இரண்டு கைகள் அதில் அச்சாகியிருக்கும். பிரீமியம் கட்டும் மாதத்தில் அம்மா காரப்பொடி மீன்கூட வாங்க மாட்டாள். இப்படி வாயைக் கட்டிச் சேர்த்தவர்களின் பணம்தான், 1957-ல் சுமார் 1.24 கோடி ரூபாய், முதலீட்டுக் குழுவைக்கூடக் கேட்காமல் முந்த்ராவின் நொடித்துப்போன கம்பெனிகளுக்குப் போயிற்று. அமைச்சர் எடுக்கவில்லை, சரி. கொடுத்தது யார் பணம்?

நாடாளுமன்றத்தில் இதைக் கிளப்பியவர் பெரோஸ் காந்தி. ஆளும் கட்சிக்காரர், அதிலும் பிரதமரின் மருமகன்! நீதிபதி சாக்ளா பம்பாயில் விசாரித்தார். உள்ளே இடம் போதாமல் வெளியே நின்ற கூட்டத்துக்கு ஒலிபெருக்கி கட்டினார்கள். நிதியமைச்சரும் சாட்சியாக வந்து பதில் சொன்னார். செயலாளர் மேல் பழியைப் போட்டு அமைச்சர் கைகழுவ முடியாது என்று சாக்ளா எழுதிவிட்டார். உங்கள் முதல் கேள்விக்குப் பதில் அதுதான். 1958 பிப்ரவரியில் டி.டி.கே. விலகினார். நீங்கள் கண்கலங்கும் அந்த விலகலால் அவருக்கு என்ன குறைந்துவிட்டது? 1962-ல் மறுபடி மந்திரிசபை, அடுத்த வருஷமே மறுபடி நிதி. என்னைக் கேட்டால், பெரிய விஷயம் அந்த ஒலிபெருக்கிதான்.

2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது மீனவர்கள் மக்காலும் வாளியாலும் அள்ளினார்கள். ‘எந்த மந்திரி ராஜினாமா செய்வார்?’ என்று அன்றைக்கும் பலர் கேட்டார்கள். செய்தால் என்ன, செய்யாவிட்டால் என்ன? பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து விசாரித்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் யார் யாரிடம் என்ன கேட்டார்கள், அவர்கள் என்ன சொல்லி மழுப்பினார்கள் என்பதை எண்ணெய் அள்ளியவர் காதால் கேட்க வேண்டாமா? முகத்துவாரக்குப்பத்தில் ஒரு குழாய் ஸ்பீக்கர் கட்ட எவ்வளவு செலவாகிவிடும்? கோயில் திருவிழாவுக்கு ஆறு கட்டுகிறோம்.

கைடு புத்தகத்தை ஓரமாக வையுங்கள், தம்பி. கன்னிமாரா நூலகத்தில் சாக்ளா அறிக்கை கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் எனக்கும் ஒரு ஜெராக்ஸ்.