குடியாத்தத்துல இருந்து கொழந்தையோட வர்ற தங்கச்சிக்கு, கார் சீட் பத்தி

தங்கச்சி, நீ கேட்டது இதான: அடுத்த மாசம் குடியாத்தத்துல இருந்து 14 மாச பொண்ண தூக்கிக்கினு கலிஃபோர்னியாவுல இருக்கற ஃப்ரீமான்ட் வர்ற, வீட்டுக்காரர் முன்னாடியே வந்து கார் எடுத்துட்டாரு, கொழந்தைய உக்கார வெக்கற கார் சீட்ட சென்னையிலயே வாங்கிக்கினு வரலாமா இல்ல இங்க வாங்கறதா, எந்த கம்பெனி நல்லது, பாப்பாவுக்கு காலு நீளமா இருக்குதே பின்பக்கம் பாத்து உக்கார வெச்சா மடங்காதா, அத்த வேற மடியில வெச்சுக்கினா போதும்னு சொல்றாங்க. நானும் காட்பாடி தான்மா, ரெண்டு புள்ளைங்கள இங்க வளத்தாச்சு, தெரிஞ்சத சொல்றேன். கொஞ்சம் நீளமா போவும், லக்கேஜ் கட்டறதுக்கு நடுவுல பொறுமையா படி.

மொதல்ல, சென்னையில வாங்காத. அங்க கடையில கெடைக்கறது ஐரோப்பா ஸ்டாண்டர்ட் இல்லன்னா நம்ம இந்திய ஸ்டாண்டர்ட் படி செஞ்சது. அதுங்க மட்டமான சீட்டுன்னு நான் சொல்லல, ஆனா அமெரிக்காவுல ஃபெடரல் மோட்டார் வெஹிகிள் சேஃப்டி ஸ்டாண்டர்ட் 213னு ஒண்ணு இருக்குது, அது படி செஞ்சதுன்னு சீட்டுலயே லேபிள் ஒட்டியிருக்கணும், அந்த லேபிள் இல்லன்னா இங்க சட்டத்துக்கு அது செல்லாது. நெஞ்சு மேல ரெண்டு பட்டையையும் சேத்து புடிக்கற கிளிப் கூட இங்கத்து சீட்டுல இருக்கும், அங்கத்து சீட்டுல பெரும்பாலும் இருக்காது. அந்த 23 கிலோ பெட்டியில புளி, மொளகாத்தூள், பாப்பா துணி வெச்சுக்கினு வா.

அதவிட முக்கியம், உங்க வீட்டுக்காரர் சீட்ட நீ வந்து பாத்து வாங்கிக்கலாம்னு வெச்சிருந்தா இன்னிக்கே போன் போட்டு சொல்லு. நீ சான் ஃபிரான்சிஸ்கோல எறங்கி வெளிய வர்றப்ப சீட் கார்ல மாட்டி ரெடியா இருக்கணும். ஏர்போர்ட்ல இருந்து வீட்டுக்கு போறது ஃப்ரீவேல தான், அந்த மொத நாளே தூங்கி வழியற கொழந்தைய மடியில வெச்சுக்கினு போற பேச்சே இல்ல. ஊபர், லிஃப்ட்னு டாக்ஸி புக் பண்ணாலும் சீட்ட நாமதான் கொண்டு போவணும்.

கலிஃபோர்னியாவுல 2017 ஜனவரி 1ல இருந்து சட்டம் இன்னான்னா, 2 வயசுக்குள்ள இருக்கற கொழந்த ரியர் ஃபேசிங்ல, அதாவது வண்டியோட பின்பக்கத்த பாத்து தான் உக்காரணும், 40 பவுண்டு வெயிட்டோ 40 இஞ்ச் உயரமோ தாண்டியிருந்தா மட்டும் விதிவிலக்கு. 40 பவுண்டுன்னா 18 கிலோ. உன் பொண்ணு அதுல பாதி தான் இருப்பா. அதனால முன்பக்கம் திருப்பலாமான்ற கேள்வி இப்ப கெடையவே கெடையாது. சட்டம் சொல்ற 2 வயசு கூட கொறஞ்சபட்சம் தான். இங்க கொழந்தைங்க டாக்டர்ங்க சங்கம், அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ், 2011ல 2 வயசு வரைக்கும்னு சொல்லிக்கினு இருந்தாங்க, 2018ல அந்த வயசையே எடுத்துட்டு, சீட்டுல போட்டிருக்கற ரியர் ஃபேசிங் வெயிட் உயரம் முடியற வரைக்கும் அப்படியே வெச்சிருங்கன்னு மாத்திட்டாங்க. என் சின்னவன் 4 வயசு நெருங்கறப்ப தான் திரும்புனான், ஊர்ல இருந்து வந்தவங்க எல்லாம் இன்னாடி இன்னும் புள்ளைய திருப்பி உக்கார வெச்சிருக்கறன்னு கேப்பாங்க.

ஏன்னு அத்தைக்கு நீ சொல்லணும்ல, அதையும் சொல்றேன். சின்ன கொழந்தைக்கு ஒடம்புக்கு தலை பெருசு, கழுத்து எலும்பு இன்னும் முழுசா இறுகல. வண்டி முன்னாடி மோதுனா முன்பக்கம் பாத்து உக்காந்த கொழந்தைக்கு ஒடம்ப பட்டை புடிச்சுக்கும், தலை மட்டும் முன்னாடி பாயும், அந்த இழுப்பு மொத்தமும் கழுத்து தண்டுவடத்துல தான் விழும். பின்பக்கம் பாத்து உக்காந்தா தலை, கழுத்து, முதுகு எல்லாத்தையும் சீட்டோட ஓடு சேத்து தாங்கிக்கும். ஸ்வீடன்ல பெர்ட்டில் ஆல்ட்மன்னு ஒரு பேராசிரியர் 1960கள்ல, விண்வெளிக்கு போறவங்க முதுகு தாங்கறாப்ல சாஞ்சுக்கினு போறத பாத்து தான் கொழந்தைக்கு இப்படி ஒரு சீட் யோசிச்சாராம். அந்த ஊர்ல 4 வயசு வரைக்கும் பின்பக்கம் பாத்து போறது சாதாரணம். எங்க மாமனாருக்கு டாக்டருங்க சொன்னது எதுவும் ஏறல, இந்த ராக்கெட் கதைய சொன்ன அப்பால தான் தல ஆட்டுனாரு.

மடியில வெச்சுக்கறது பத்தி: 50 கிலோமீட்டர் வேகத்துல மோதறப்ப 10 கிலோ கொழந்தைய கையால புடிச்சு நிறுத்த யாராலயும் முடியாது, எவ்ளோ பாசம் இருந்தாலும் முடியாது. அத்தைய கொற சொல்லாத, அவங்க புள்ளைங்கள பஸ்ஸுலயும் டிவிஎஸ் ஃபிஃப்டி முன்னாடியும் வெச்சு தான் வளத்தாங்க. நம்ம ஊர்லயே இப்ப சட்டம் மாறிடுச்சு, 2019 மோட்டார் வாகன திருத்தச் சட்டத்துல 194பி படி 14 வயசுக்குள்ள புள்ளைங்கள பெல்ட்டோ சீட்டோ இல்லாம கார்ல ஏத்துனா 1000 ரூபா ஃபைன், யாரு புடிக்கறாங்கன்றது வேற விஷயம்.

காலு மடங்குது பத்தி கவலப்படாத. கொழந்தைங்க சம்மணம் போட்டுக்கும், சீட் முதுகுல காலத் தூக்கி வெச்சுக்கும், அதுங்களுக்கு அது ஒரு கஷ்டமே இல்ல, பாக்கற நமக்கு தான் கஷ்டம். ரியர் ஃபேசிங்ல கால்ல அடிபடறது ரொம்ப அபூர்வம். உயரம் முடிஞ்சுதான்னு பாக்க காலப் பாக்காத, தலைய பாரு. உச்சந்தலைக்கு மேல சீட் ஓடு இன்னும் 1 இஞ்ச் இருக்குதான்னு பாக்கணும், பெரும்பாலான சீட்டுக்கு இதான் கணக்கு, உன் சீட் மேனுவல்ல இன்னா போட்டிருக்குதோ அதான் கடைசி.

எந்த கம்பெனின்னு கேட்ட. இங்க 100 டாலருக்குள்ளயும் சீட் கெடைக்குது, 500க்கு மேலயும் கெடைக்குது, எல்லாமே அதே 213 ஸ்டாண்டர்ட தாண்டி தான் கடைக்கு வருது. கூட குடுக்கற காசு துணி, சுலபமா மாட்டற வசதி, கூட வெயிட் தாங்கறது இதுக்கு தான். 14 மாசம்ன்றதால கைப்பிடி வெச்ச இன்ஃபன்ட் சீட் உனக்கு தேவையே இல்ல, நேரா கன்வெர்ட்டிபிள் வாங்கு, அது இப்ப பின்பக்கம் பாத்து மாட்டிக்கலாம், பல வருஷம் கழிச்சு அதையே முன்பக்கம் திருப்பிக்கலாம். பாக்க வேண்டியது ரியர் ஃபேசிங் வெயிட் எவ்ளோ வரைக்கும்னு. காஸ்கோ சீனரா நெக்ஸ்ட் மாதிரி லேசான, வெல கொறஞ்ச சீட் 40 பவுண்டு வரைக்கும், கிராக்கோ எக்ஸ்டென்ட்டூஃபிட் 50 பவுண்டு வரைக்கும், அதுல கால் வெக்க பலகைய வெளிய இழுத்து விட்டுக்கலாம், உன் பொண்ணு நெட்டையா இருந்தா அது தோது. கார் சின்னதா இருந்தா பெரிய சீட் மாட்டுனா முன் சீட்டுக்காரர் முட்டி டேஷ்போர்டுல இடிக்கும், அதனால வாங்கறதுக்கு முன்னாடி உங்க கார்லயே வெச்சு பாக்க சொல்லு, இல்லன்னா திருப்பி எடுத்துக்கற கடையில வாங்க சொல்லு. டார்கெட் கடையில அப்பப்ப பழைய சீட் குடுத்தா புதுசுக்கு 20 சதவீதம் தள்ளுபடி குடுப்பாங்க, அது வர்ற வரைக்கும் காத்துக்கினு மட்டும் இருக்காதீங்க.

தமிழ் ஆளுங்க வாட்சப் குரூப்புல யாராவது சும்மாவே தர்றேன்னு சொல்லுவாங்க. நல்லா தெரிஞ்சவங்க, வண்டி மோதலன்னு உறுதியா சொல்றவங்கன்னா வாங்கிக்கோ, இல்லன்னா வேணாம். சீட்டுக்கு எக்ஸ்பைரி இருக்குது தெரியுமா, பொதுவா தயாரிச்ச நாள்ல இருந்து 6ல இருந்து 10 வருஷம், பின்னாடியோ அடியிலயோ பொறிச்சிருக்கும். ரீகால் ஆன மாடலான்னும், அதாவது கோளாறுன்னு கம்பெனியே அறிவிச்சதான்னும் பாக்கணும். புதுசு வாங்குனா உள்ள ஒரு ரெஜிஸ்ட்ரேஷன் கார்டு வரும், அத குப்பையில போடாம பேர் அட்ரஸ் எழுதி அனுப்பு, ரீகால் வந்தா அவங்களே சொல்லுவாங்க.

இப்ப மாட்டறது. என்னக் கேட்டா எந்த சீட்டுன்றதவிட எப்படி மாட்டறோம்ன்றது தான் விஷயம், 500 டாலர் சீட்ட லூசா மாட்டுனா பிரயோஜனம் இல்ல. 2002 செப்டம்பர்க்கு அப்பால இங்க வந்த கார்ங்கள்ல பின் சீட் இடுக்குல லாட்ச் கம்பிங்க இருக்கும், அதுல கொக்கி மாட்டலாம், இல்ல சீட் பெல்ட்ட வெச்சு கட்டலாம், ரெண்டும் ஒரே பாதுகாப்பு தான், மேனுவல் சொன்னாலொழிய ரெண்டையும் ஒண்ணா போடாத. சீட் பெல்ட்டுன்னா முழுசா வெளிய இழுத்துட்டு மெதுவா உள்ள விடு, டிக் டிக்னு சத்தம் கேட்டா லாக் ஆயிடுச்சுன்னு அர்த்தம். நடு சீட்டுல நல்லா இறுக்கமா உக்காந்தா அங்க வை, இல்லன்னா ஓரம், முன் சீட்டுல வேலை செய்யற ஏர்பேக் முன்னாடி மட்டும் எக்காரணத்த கொண்டும் வெக்காத. கன்வெர்ட்டிபிள்ல பெல்ட் போற வழி ரெண்டு இருக்கும், ரியர் ஃபேசிங்னு லேபிள் போட்ட வழியில தான் விடணும். மாட்டுனதும் அந்த பெல்ட் போற எடத்துல கைய வெச்சு ஆட்டிப் பாரு, எந்தப் பக்கமும் 1 இஞ்சுக்கு மேல நவுரக்கூடாது. மேல் நுனிய புடிச்சு ஆட்டுனா ஆடத்தான் செய்யும், அதப் பாத்து பயப்படாத. சாய்வு சரியா இருக்குதான்னு காட்ட பக்கவாட்டுல கோடோ குமிழோ இருக்கும்.

மாட்டுன அப்பால ஒருவாட்டி தெரிஞ்சவங்ககிட்ட காட்டிடு. கலிஃபோர்னியா ஹைவே பேட்ரோல் ஆஃபீஸ்ங்கள்ல சர்டிஃபிகேட் வாங்குன ஆளுங்க இருக்கறாங்க, அப்பாயின்ட்மென்ட் போட்டா காசு வாங்காம பாத்து சொல்லிக் குடுப்பாங்க. போலீஸ்னு நம்ம ஆளுங்க தயங்குவாங்க, ஒண்ணும் கேக்க மாட்டாங்க, தைரியமா போ.

பாப்பாவ உக்கார வெக்கறப்ப, ரியர் ஃபேசிங்ல தோள் மேல போற பட்டை அவ தோளுக்கு நேராவோ கொஞ்சம் கீழயோ இருந்து வரணும், நெஞ்சு கிளிப் அக்குள் மட்டத்துல. தோள்கிட்ட பட்டைய ரெண்டு விரல்ல கிள்ளிப் பாரு, மடிப்பு கைக்கு வந்தா இன்னும் இறுக்கணும். இதுல நம்ம ஆளுங்களுக்குன்னு சில சங்கதி இருக்குது. அரைஞாண் கொடியில தாயத்து கோத்திருந்தா பக்கிள்கிட்ட அழுத்தும், கொஞ்சம் மேல தள்ளி விடு. லிவர்மோர் கோயிலுக்கு பட்டுப்பாவாடை கட்டி கூட்டிக்கினு போனா நடு பட்டை ரெண்டு காலுக்கு நடுவுல வராது, கோயில் பார்க்கிங்ல கட்டி விடு. குளிருக்கு தடியா பஞ்சு வெச்ச ஜாக்கெட் போட்டு பட்டை போடாத, மோதறப்ப பஞ்சு அமுங்கி பட்டை லூசாயிடும், பட்டைய போட்டுட்டு மேல ஜாக்கெட்டயோ போர்வையயோ போத்து. சீட்டோட வராத தலகாணி, மெத்தை, பட்டை உறை எதையும் ஆன்லைன்ல பாத்து வாங்கி சேக்காத. வாந்தி எடுத்தா துணிய தொவைக்கலாம், பட்டைய மட்டும் மெஷின்ல போடாம ஈரத்துணியால தொடை.

அழுவா. மொத கொஞ்ச நாள் நல்லா அழுவா, ஏணையில ஆட்டி தூங்க வெச்ச கொழந்த, கட்டிப் போட்டா சும்மா இருக்குமா. பின் சீட்டுல அவ பக்கத்துல நீ உக்காந்துக்கோ, பாட்டு பாடு, கதை சொல்லு. ஓடற வண்டியில அவுத்து மடியில எடுத்து பால் குடுக்கறது மட்டும் வேணாம், எக்ஸிட் எடுத்து நிறுத்தி குடு, முறுக்கு கிறுக்கு எதுவும் ஓடறப்ப குடுக்காத, தொண்டையில அடைச்சா பின்பக்கம் பாத்து இருக்கறது ஓட்டறவருக்கு தெரியாது. வீடு வந்ததும் தூங்கிக்கினு இருந்தாலும் சீட்லயே விடாம எடுத்து படுக்க வை.

சின்னதா மோதுனாலும் சீட்ட மாத்தணுமான்னு மேனுவல்ல பாரு, பெருசா மோதியிருந்தா கட்டாயம் மாத்து. கலிஃபோர்னியாவுல சீட்டுக்கும் கார் இன்சூரன்ஸ்காரங்க பணம் குடுக்கணும்னே சட்டம் இருக்குது, கேட்டு வாங்கு.

ஊருக்கு லீவுல வர்றப்ப இங்கத்து சீட்ட எடுத்துக்கினு போ. சென்னை ஏர்போர்ட்ல இருந்து ஸ்ரீபெரும்புதூர், வாலாஜா, வேலூர் தாண்டி குடியாத்தம் போறது பெரும்பாலும் பெங்களூர் ஹைவே தான், லாரிக்கு நடுவுல சீட் இல்லாம போறதுக்கு மனசு வராது. அங்கத்து புது கார்ங்கள்ல ஐசோஃபிக்ஸ் கம்பி இருக்கும், இங்கத்து லாட்ச் கொக்கி அதுல மாட்டும். ஆனா டாக்ஸிக்காரங்க தைச்சு போட்ட சீட் கவர் பெல்ட் பக்கிள உள்ள மூடியிருக்கும், ராத்திரி 2 மணிக்கு பார்க்கிங்ல பொதையல் தேடற மாதிரி தேடணும், அதனால புக் பண்றப்பவே பின்னாடி பெல்ட்டையும் ஐசோஃபிக்ஸ் கம்பியையும் வெளிய எடுத்து வைங்கன்னு சொல்லிடு. அங்கத்து பின் சீட் பெல்ட் பலதுல அந்த டிக் டிக் லாக் இருக்காது, கம்பி இல்லாத வண்டின்னா சீட்டுலயே பெல்ட்ட புடிச்சு லாக் பண்ற வசதி இருந்தா தான் இறுகும். இத நெனப்புல வெச்சுக்கினு சீட் வாங்கு.

உங்க வீட்டுக்காரர் எடுத்த கார் இன்னா மாடல், பாப்பா இப்ப எத்தன கிலோன்னு சொல்லு, அந்தக் கார்ல எது உக்காரும்னு பாத்து சொல்றேன்.