நண்பர் புகழும் அறிவியல் புனைகதைகள் எனக்குச் சலிக்கின்றன. எந்தச் சிறுகதையில் தொடங்கலாம்?

சலிப்பது உங்கள் குறையில்லை. சிலர் கதையில் கருத்தைத் தேடுகிறார்கள், சிலர் மனிதரை. உங்கள் நண்பர் முதல் வகை போலும். அவருக்கு ஐசக் அசிமோவின் ‘கடைசிக் கேள்வி’ (1956) இனிக்கும்: பாத்திரங்கள் வெறும் பெயர்கள்தான், பிரபஞ்சம் அணைந்துபோவதைத் தடுக்க முடியுமா என்று யுகம் யுகமாகக் கணினியிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

நீங்கள் இரண்டாம் வகை என்றால் டேனியல் கீஸின் ‘அல்ஜெர்னனுக்கு மலர்கள்’ படியுங்கள். அறுவை சிகிச்சையால் அறிவு வளரும் ஒருவனின் குறிப்புகளே கதை. அவன் எழுத்தில் பிழைகள் குறையக் குறைய, அவன் மாறுவது விளக்கமே இல்லாமல் நமக்குப் புரிந்துவிடுகிறது. முடிவை யாரிடமும் கேட்டுவிடாதீர்கள். 1966இல் இது நாவலாகவும் விரிந்தது. எனக்கு 1959இல் வந்த சிறுகதைதான் பிடிக்கும், அதன் இறுக்கம் நாவலில் இல்லை.

இரண்டும் ஒட்டவில்லையா? ரே பிராட்பரியின் ‘மெல்மழை வரும்’ (1950) பாருங்கள். அதில் மனிதரே இல்லை, ஒரு தானியங்கி வீடு மட்டும்.