நாம பார்க்காத புயலா என்று நானும் கேட்டவன்தான்

தொண்டியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அமெரிக்காவில் புளோரிடாவின் டாம்பாவில் வேலை கிடைத்திருக்கிறது, ஜூலை கடைசியில் மனைவியோடும் இரண்டு வயதுப் பிள்ளையோடும் கிளம்புகிறார். பக்கத்திலேயே செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கடலைப் பார்த்த மாதிரி தரைத்தளத்தில் ஒரு அபார்ட்மென்ட் குறைந்த வாடகைக்கு வருகிறதாம். சரியாகப் புயல் சீசனில் போய் இறங்குகிறார்களே என்று அம்மா அழுகிறார், "நாம பார்க்காத புயலாண்ணே, எடுக்கலாமா?" என்கிறார்.

எடுக்காதீங்க தம்பி. டாம்பா வேலையைச் சொல்லவில்லை, அந்தத் தரைத்தள வீட்டைச் சொல்கிறேன்.

நான் பாம்பன்காரன், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். இப்போது பாம்பனுக்கு லீவில் வந்திருக்கிறேன், மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் எல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன, அதைப் பார்த்துக்கொண்டே இதைத் தட்டுகிறேன். நீங்கள் கேட்ட அதே கேள்வியை நானும் கேட்டேன், கேட்ட திமிருக்கு ஒரு காரும் வீட்டுச் சாமான் மொத்தமும் போனது.

முதலில் மாதத்தை மாற்றிக்கொள்ளுங்கள். நமக்குப் புயல் என்றால் ஐப்பசி, கார்த்திகை, மிஞ்சிப்போனால் மார்கழி. வாடைக்காற்று எழும்பி உடம்பில் குளிர் தட்டிய பிறகு வருவது. அங்கே சீசன் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, உச்சம் செப்டம்பர் 10-ஐ ஒட்டி, அதாவது நம் ஆவணிக் கடைசி. கடல் சூடேறிக் கிடக்கும் காலம், புயலுக்குத் தீனியே அந்தச் சூடுதான். புயல் போன மறுநாள் வெயில் சுள்ளென்று அடிக்கும், கரண்ட் இருக்காது, ஏ.சி. ஓடும் என்று நம்பிக் கட்டிய வீட்டில் குறுக்குக் காற்றே வராது. பிள்ளையை வைத்துக்கொண்டு அந்தப் புழுக்கத்தில் நான்கு நாள் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

அடுத்தது கடல். நம் வடகடல், அதாவது பாக் விரிகுடா, எப்படி ஆழமில்லாமல் இருக்கிறதோ, புளோரிடாவின் மேற்குக் கரையும் வெகுதூரத்துக்கு அப்படித்தான். ஆழமில்லாத கடலில் காற்று தள்ளுகிற தண்ணீருக்குக் கீழே இறங்கிப் போக இடமில்லை, கரையேறித்தான் ஆக வேண்டும். ஆனால் திசைக் கணக்கு நமக்குத் தலைகீழ், இதை நான் அங்கே போய்தான் புரிந்துகொண்டேன். இங்கேயும் சரி, அங்கேயும் சரி, புயல் இடப்பக்கமாகத்தான் சுழலும். தொண்டியில் கடல் கிழக்கே, அதனால் புயல் ஊருக்குத் தெற்கே கரையேறினால் தண்ணீர் ஏறும், வடக்கே போனால் வடியும். அங்கே கடல் மேற்கே. தெற்கே கரையேறினால் வடியும், வடக்கே போனால் ஏறும். 2017-இல் இர்மா வந்தபோது டாம்பா விரிகுடா உள்வாங்கி, ஜனங்கள் சேற்றில் இறங்கி நடந்து போட்டோ எடுத்தார்கள். நம்ம ஊரில் கடல் உள்வாங்கியது என்பதெல்லாம் ஒரு செய்தியா, நான் சிரித்துக்கொண்டே பார்த்தேன். இவ்வளவுதானா அமெரிக்கப் புயல் என்று மனசில் பதிந்துபோனது அன்றைக்குத்தான்.

2024 செப்டம்பர் 26, ஹெலீன். புயலின் கண் எங்கள் ஊரிலிருந்து நூறு மைலுக்கு அப்பால் கடலிலேயே வடக்கே போய்க்கொண்டிருந்தது, கரையேறப் போவது பெர்ரி என்ற ஊர்ப் பக்கம். எங்கள் பகுதிக்கு வெளியேறச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. நான் போகவில்லை. நூறு மைல் என்றால் ராமேஸ்வரத்திலிருந்து மதுரை தூரம், அங்கே போகிற புயலுக்கு நான் எதுக்கு ஓட வேண்டும்? மழைகூடப் பெரிதாக இல்லை. ராத்திரி பத்தரைக்குக் குளியலறைச் சாக்கடைத் துளையில் குடகுடவென்று சத்தம். எட்டிப் பார்த்தால் தண்ணீர் மேலே வருகிறது. திரும்புவதற்குள் பால்கனிக் கதவின் அடியிலும் வருகிறது, கார்ப்பெட் பாய் மாதிரி மெல்ல எழும்புகிறது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினோம், மேல்வீட்டுக் கிழவர் கதவைத் திறந்து வைத்திருந்தார். அங்கே நின்று கேட்ட சத்தத்தை மறக்க முடியவில்லை: கீழே பார்க்கிங்கில் உப்புத் தண்ணீர் ஏறிய கார்கள் ஒவ்வொன்றாகத் தானே ஹாரன் அடித்தன, விளக்குகள் மினுக்கின, கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக அமுங்கின. என்னுடையது மூன்றாவது. அன்றைக்கு செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வழக்கமான ஏற்றத்துக்கு மேல் ஆறு அடி தண்ணீர்.

எங்கள் அப்பத்தா 1964 புயலைப் பார்த்தவர். டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயிலைத் தண்ணீர் கொண்டுபோனதை எத்தனை தடவை சொல்லியிருப்பார். "காத்து கூரையத்தான் எடுத்துச்சு, ஆளை எடுத்தது தண்ணி" என்பார். சின்ன வயதில் கதையாகக் கேட்டேன், தகவலாகக் கேட்கவில்லை.

சரி, வீட்டுக்கு வருவோம். அங்கே ஒவ்வொரு முகவரிக்கும் வெளியேற்ற மண்டலம் என்று ஏ முதல் இ வரை ஒரு எழுத்து உண்டு. ஏ என்றால் முதலில் கிளம்ப வேண்டியவர்கள். கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) இணையதளத்தில் முகவரியைப் போட்டால் வந்துவிடும், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் பாருங்கள். இன்னொரு எழுத்தும் உண்டு, அது இன்சூரன்ஸுக்கான வெள்ள மண்டலம், ஏ.இ., எக்ஸ் என்று இருக்கும். இரண்டும் வேறு வேறு வரைபடம், இரண்டிலும் ஏ வருவதால் படித்தவர்களே குழம்புகிறார்கள். வீடு காட்டுகிற பெண் "இங்கே தண்ணீரே வந்ததில்லை" என்பார். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள், அன்றுவரை அது உண்மையும்கூட. டி, இ, அல்லது எந்த எழுத்தும் இல்லாத இடமாகப் பாருங்கள், ஆபீஸுக்கு இருபது நிமிஷம் கூடப் போனாலும் பரவாயில்லை.

மாடி வீடு என்றால் சாமான் தப்பும், ஆனால் உத்தரவு வந்தால் அதிலும் இருக்கக்கூடாது. நம்ம ஊரில் பாம்பன் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவார்கள், மீன்துறை கடலுக்குப் போகும் டோக்கனை நிறுத்தும், கிராம நிர்வாக அலுவலர் வந்து கூட்டிப்போய் முகாமில் சாம்பார் சாதம் போடுவார். அங்கே உத்தரவு என்பது போனில் வரும் ஒரு சத்தம், அவ்வளவுதான். யாரும் கையைப் பிடித்து இழுக்க மாட்டார்கள். காற்று ஒரு அளவுக்கு மேல் ஏறினால் ஆம்புலன்ஸையே நிறுத்திவிடுவார்கள், அதன் பிறகு நீங்கள் போன் போட்டும் பிரயோஜனமில்லை. முடிவு நீங்கள்தான் எடுக்க வேண்டும், அதுவும் வெயில் அடிக்கும்போதே.

இன்சூரன்ஸில் நான் ஏமாந்தது தனிக்கதை. வாடகைக்காரருக்கான பாலிசி வைத்திருந்தேன், எல்லாம் அடங்கும் என்று நினைப்பு. கிளெய்ம் போட்டால், வெள்ளம் இதில் வராது என்று இரண்டே வரியில் பதில். சொந்த வீட்டுப் பாலிசியும் பெரும்பாலும் அப்படித்தான், வெள்ளத்துக்குத் தனியாக எடுக்க வேண்டும். அரசுத் திட்டத்தில் வாடகைக்காரர் சாமானுக்கு மட்டும்கூட எடுக்கலாம், ஒரு லட்சம் டாலர் வரை. ஆனால் பணம் கட்டி 30 நாள் கழித்துத்தான் அது உயிர் பெறும். டிவியில் புயலைப் பார்த்துவிட்டு ஓடினால் ஆகாது. நீங்கள் ஜூலை கடைசியில் போகிறீர்கள், சாவி வாங்கிய அன்றே எடுத்தால் ஆகஸ்ட் கடைசிக்கு வந்துவிடும், உச்சத்துக்குச் சற்று முன். காருக்குக் காம்ப்ரிஹென்சிவ், அதாவது வெள்ளச் சேதமும் அடங்கும் இன்சூரன்ஸ், போடுங்கள். காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று அதை எடுத்துவிட்டேன், அதனால்தான் காரும் அம்போ.

புயல் செய்தியை வாட்ஸப்பில் பார்க்காதீங்க. மயாமியில் இருக்கும் தேசிய ஹரிகேன் மையம் காலை 5, 11, மாலை 5, இரவு 11 என்று அறிக்கை விடும். நம்ம நேரத்துக்கு மதியம் இரண்டரை, இரவு எட்டரை, விடியற்காலை இரண்டரை, காலை எட்டரை. என் அம்மா அந்த இரண்டு எட்டரைக்கும் போன் போட்டுவிடுவார். படத்தில் வெள்ளையாக ஒரு கூம்பு போடுவார்களே, அது புயலின் நடுப்புள்ளி எங்கெங்கே போகலாம் என்பதற்கு மட்டும்தான். கூம்புக்கு வெளியே இருந்தால் தண்ணீர் வராது என்று அர்த்தமில்லை, என் வீடே சாட்சி.

ஹெலீன் போய் இரண்டு வாரம்கூட ஆகவில்லை, நனைந்த மெத்தைகள் தெருவோரம் மலையாகக் கிடக்கும்போதே மில்டன் வந்தது. இந்தத் தடவை உத்தரவு வந்த அன்றே நண்பர் காரில் ஏறி ஆர்லாண்டோ பக்கம் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டுக்குப் போய்விட்டோம். தண்ணீருக்குத் தப்ப அவ்வளவு தூரம் போதும், ஜார்ஜியா வரை ஓடினால் நெடுஞ்சாலையில்தான் ராத்திரி கழியும், பல பங்க்குகளில் பெட்ரோல் தீர்ந்திருந்தது. டேங்க் பாதிக்குக் கீழே போகாமல் ஜூனிலிருந்தே பார்த்துக்கொள்ளுங்கள். மில்டன் எங்களுக்குத் தெற்கே சியஸ்டா கீயில் கரையேறியது, விரிகுடா மறுபடி வடிந்தது. அண்டை வீட்டுக்காரர் "வீணாகப் போனீர்களே" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

மற்றதெல்லாம் போகப்போகப் பழகிவிடும். தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் கணக்கில் வாங்கி வையுங்கள். பாஸ்போர்ட், விசா காகிதங்கள் ஒரு பிளாஸ்டிக் உறையில். கரண்ட் இல்லாவிட்டால் கார்டு தேய்க்க முடியாது, கொஞ்சம் ரொக்கம் வேண்டும். ஜெனரேட்டர் வாங்கினால் வீட்டை விட்டு இருபது அடி தள்ளி வையுங்கள், கராஜுக்குள் வைத்து அந்தப் புகையில் குடும்பத்தோடு செத்தவர்கள் உண்டு. செப்டம்பரில் ஃபிரீசரை நிரப்பாதீங்க. நான் ஐந்து கிலோ இறால் வைத்திருந்தேன், அந்த ஃபிரிட்ஜைத் திறக்காமலேயே டேப் சுற்றித் தெருவில் தள்ளினோம். அவலும் வெல்லமும் போதும், ஊற வைத்தால் பிள்ளையும் சாப்பிடும், அடுப்பே வேண்டாம்.

பார்த்து வைத்திருக்கும் வேறு வீடுகள் இருந்தால் முகவரியை அனுப்புங்கள், எழுத்து என்னவென்று பார்த்துச் சொல்கிறேன். ஜூன் முதல் வாரம் வரை பாம்பனில்தான் இருப்பேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்க. என் அம்மா அவரிடம் பேசட்டும், அந்த ராத்திரி எட்டரை மணி போனை இனிமேல் இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொள்ளலாம்.