சுரக் குறிப்பில் புள்ளியும் கோடும்

கேள்வி: என் மகள் அண்மையில் கர்நாடக இசை வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். அவளுடைய புத்தகத்தில் சுரங்களோடு வரும் புள்ளிகளையும் கால்புள்ளிகளையும் கோடுகளையும் எப்படிப் படிப்பது?
– வாசகி, பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: சுரத்தின் மேல் புள்ளி இருந்தால் தார ஸ்தாயி (உயர்ந்த குரல் நிலை), கீழே இருந்தால் மந்தர ஸ்தாயி (தாழ்ந்த நிலை), புள்ளி இல்லாதது மத்திய ஸ்தாயி (நடு நிலை). கவனம் வேண்டியது கால அளவில்தான். ‘ஸ’ என்ற குறில் ஓர் அட்சரமும் (தாளத்தின் கால அலகு) ‘ஸா’ என்ற நெடில் இரண்டு அட்சரமும் நிற்கும். பின்னால் வரும் கால்புள்ளி ஓர் அட்சரத்தையும் அரைப்புள்ளி இரண்டு அட்சரங்களையும் கூட்டுவதால், ‘ஸா ,’ என்றிருந்தால் குரல் அறாமல் மூன்று அட்சரம் பாட வேண்டும். தமிழ்ப்பள்ளியில் வாசிப்புக்குப் பழகிய பிள்ளைகள் கால்புள்ளியைக் கண்டதும் நிறுத்தி மூச்சு வாங்கிவிடுவது இயல்பே என்றாலும், இதை முதல் வாரத்திலேயே திருத்திவிடுவது நல்லது. சுரங்களின் மேல் கிடைக்கோடு இருந்தால் வேகம் இரட்டிப்பாகும்.

ஒற்றைச் செங்குத்துக் கோடு தாள அங்கத்தின் (தாளத்தின் ஒரு பகுதியின்) முடிவையும், இரட்டைக் கோடு ஆவர்த்தனத்தின் (ஒரு முழுத் தாளச் சுற்றின்) முடிவையும் காட்டும். ஆதி தாளத்தின் 8 அட்சரங்களில் லகு என்ற அங்கத்துக்கு 4, துருதம் என்ற இரண்டு அங்கங்களுக்கும் தலா 2 என்பதால், முதல் காலத்தில் (அடிப்படை வேகத்தில்) நான்காம் அட்சரத்துக்குப் பின் முதல் கோடு வரும்.

‘ரி1’, ‘க3’ போன்ற எண்கள் சுரத்தானத்தை, அதாவது அந்தச் சுரத்தின் எந்த வகை என்பதை, குறிப்பவை. தொடக்கப் பயிற்சியான சரளி வரிசை மாயாமாளவகௌளை ராகத்தில் அமைந்திருப்பதால், எண் அச்சிடப்படாத இடத்திலும் ரி1, க3, ம1, த1, நி3 என்றே அவள் பாட வேண்டும்.